சுவர் வைத்த தோட்டம்

"முதல்ல சரின்னு சொல்லுங்கப்பா. என்ன வேணும்னு அப்புறம் சொல்றேன்."

கோட்டையின் விருந்துக் கூடத்தில் எல்லாத் தலைகளும் சட்டென்று திரும்பின. பெந்தெகொஸ்தே திருநாள் விருந்தில் பிரபுவிடம் இப்படி வாக்குக் கேட்பது வழக்கம்தான். ஆனால் வெளியூர்ப் பெண் கேட்டால் கதையாகப் பாடுவார்கள். வீட்டுப் பெண் கேட்டால் திமிர் என்பார்கள். "நீ மட்டும் கேட்டுடாதே" என்று பெரோனலுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

அப்பா ரெனோ பிரபுவின் முகம் கறுத்தது. நாளைக் காலை மகளைத் துறவியாக்கக் கூட்டிப்போக மடத்து வண்டி வருகிறது. அதை நிறுத்தச் சொல்லப் போகிறாள், வேறென்ன? ஆனால் சுற்றிலும் விருந்தாளிகள். மறுத்தால் மானம் போகும்.

"சரி, கொடுத்தேன். கேட்டுத் தொலை."

பெரோனல் காட்டுத் துறவி ஒபேர் பக்கம் திரும்பினாள். "சாமி, போன வாரம் உங்ககிட்ட ஒரு கனவு சொன்னேனே, அதையும் அர்த்தத்தையும் எல்லாருக்கும் சொல்லுங்க."

ஒபேர் தாடியைத் தடவிக்கொண்டார். "குறுகலான பாதை. ரெண்டு பக்கமும் முள்ளு. கடைசியில சுவர் வச்ச தோட்டம். வெள்ளை மான் ஒண்ணு உள்ள போகுது, கதவு சாத்திக்குது. பாதைங்கறது மோட்ச வழி. முள்ளு, உலக ஆசை. தோட்டம்தான் மடம். மான், கனவு கண்ட ஆத்மா."

பெரோனலின் அண்ணன் கோஷேவுக்கு இறைச்சி தொண்டையில் சிக்கிக்கொண்டது. பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டினார்.

மூத்த அக்கா கனவில் கடல் வந்தது. மடம் என்றார் துறவி. அடுத்தவள் கனவில் எரியும் கோபுரம். அதுவும் மடம். இந்த வீட்டுப் பெண்கள் கனவில் சமையலறை வந்திருந்தாலும் மடம்தான். ஒவ்வொருத்தியும் போகப் போக, அவள் பங்கு நிலம் கோஷே பக்கம் சேர்ந்தது.

"மான்னா எனக்கு வறுத்த மான்தான் தெரியும்" என்றார் கிழட்டு வீரர் ஒருவர். "இந்தக் கனவு எனக்கு வந்திருந்தா என்னையும் மொட்டையடிச்சிருவீங்களா சாமி?"

கூடமே சிரித்தது. துறவிக்குச் சுருக்கென்றது.

"யாருக்கு வந்தாலும் அர்த்தம் ஒண்ணுதான்! ஆண்டவர் ஆளுக்குத் தக்கன மாத்திப் பேச மாட்டார்!" கழுத்தில் தொங்கிய, புனிதர் ஒருவரின் எலும்பைத் தொட்டுச் சத்தியமே செய்துவிட்டார்.

"போதும் சாமி." பெரோனல் அப்பாவைப் பார்த்தாள். "நான் கேக்கறது இதுதான். சாமி சொன்னது அப்படியே நடக்கணும். கனவு கண்ட ஆள் நாளைக்கே மடத்துக்குப் போகணும். நிலத்துல பங்கு கிடையாது. அழுதாலும் கெஞ்சினாலும் விடக்கூடாது."

பிரபுவுக்கு உயிர் வந்தது. எழுந்து கோப்பையைத் தூக்கினார். "இவ்வளவுதானா! இவதான் எம் பொண்ணு! கொடுத்த வாக்குல மாத்தமில்ல. எல்லாரும் சாட்சி!"

"சாட்சி!" மேசைகள் அதிர்ந்தன. கோஷேவின் கோப்பை மட்டும் எழவில்லை.

பெரோனல் மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்கேடி கிளம்பிட்ட? வண்டி காலையிலதானே வருது?"

"நம்ம திராட்சைத் தோட்டத்தைப் பாத்துட்டு வரேன்பா. இனிமே நான்தானே பாக்கணும்."

"நீயா? அப்ப வண்டியில?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணனை ஏத்துங்க. கனவு கண்டு எங்கிட்ட சொன்னது அவன்."