நூறு சதம் ஆடு

“டீயை அப்பறம் குடிக்கலாமுங்க. மொதல்ல இதை ஒரு அமுக்கு அமுக்கிருங்க” என்று ஆறுச்சாமி போனை நீட்டினார்.

பாண்டியம்மாள் டம்ளரோடு குனிந்து பார்த்தாள். ஒரு மொபெட். அதன் சீட்டில் நாலு காலையும் ஊன்றி ஓர் ஆடு நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப்போகிற முகம்.

“நேத்து கோழிக்கு அமுக்குனேன்ல?”

“அது வேற போட்டோங்க.”

கேட்பவர் பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்ஷன் இன்சார்ஜ். தன் போனில் அதைத் தேடி லைக்கை அமுக்கினாள். ஆட்டுக்கு இதுவரை பதினோரு லைக். பதினொன்றும் அந்த டேபிளைச் சுற்றி நின்றவர்களுடையவை. சாயங்காலத்துக்குள் நூறு வர வேண்டும், வராவிட்டால் போட்டோ சைட்டில் இருக்கும் அக்கவுண்டையே அழித்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது என்றார் ஆறுச்சாமி.

அழித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டாள் பாண்டியம்மாள். அவர் போனோடு அடுத்த டேபிளுக்குப் போனார்.

“வீட்ல பொண்டாட்டி மூச்சு இழுத்துக்கிட்டு ஒத்தையில கெடக்கு. இவரு ஆட்டுக்கு லைக்கு பொறுக்கிக்கிட்டுத் திரியிறாரு” என்றாள் அவர் முதுகைப் பார்த்து. மதுரைப் பக்கத்துக்காரி. குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை.

மாடி ஆபீசிலிருந்து, வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் சித்ரகலா சாம்பிள் வாங்க இறங்கி வந்தாள். அவளுக்கும் ஆடு காட்டப்பட்டது.

“டேக்கே போடலீங்களே அண்ணா. டேக் இல்லாட்டி எவன் கண்ணுலீங்க படும்?”

அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே படியேறிப் போய்விட்டாள்.

ஆறுச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கையைத் தாண்டி டேக் இல்லாமல் ஒரு பனியன்கூட வெளியே போனதில்லை. அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். டேபிளில் கிடந்த டி-ஷர்ட் டேக் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் ஆட்டுக்குக் கீழே ஒற்றை விரலால் இங்கிலீஷில் அடிக்கத் தொடங்கினார். சைஸ் எக்ஸ்எல். தனியாகத் துவைக்கவும். ப்ளீச் செய்யக் கூடாது. மேட் இன் இந்தியா.

‘நூறு சதம் காட்டன்’ என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது. பொய் எழுத மனம் வரவில்லை. ‘நூறு சதம் ஆடு’ என்று போட்டார். பிறகு, அயர்ன் பண்ணலாமா என்று பாண்டியம்மாளைக் கேட்டார்.

“லேசான சூட்டுல பண்ணலாம்ணே.”

அதையும் சேர்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் ‘டிங் டிங்’ என்று அடிக்க ஆரம்பித்தது. சித்ரகலா வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஸ்பெயினிலிருந்து யாரோ, பீஸ் என்ன விலை, வேறு என்ன கலர் இருக்கிறது என்று ஆட்டுக்குக் கீழே கேட்டிருந்தார்கள். போட்டோவைத் தேடிப் பிடிக்கிற டேக் வேறு, துணியில் தொங்குகிற டேக் வேறு என்று அவள் விளக்கப் பார்த்தாள். ஆறுச்சாமியின் காதில் அது ஏறவில்லை. பையர் கேட்டால் உடனே பதில் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

“ஒரே கலருதான், ஒரே பீஸுதான்னு எழுதிப்போடு கண்ணு. ரிப்பீட் ஆர்டர் எடுக்கறதில்லீன்னும் சேத்திரு.”

அவர் போனிலேயே எழுதினாள். அந்தப் பதிலுக்கே தனியாக லைக் குவிந்தது. வேலை முடிந்து எல்லாரும் கை கழுவும்போது ஆடு நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் பிடித்த மனுசன், நாளைக்கு எருமையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று பாண்டியம்மாள் சொன்னதற்குச் செக்ஷனே சிரித்தது. ஆறுச்சாமியும் சிரித்தார்.

வேலம்பாளையத்து வீட்டு முன்னால் அவர் வண்டியை நிறுத்தும்போது கலைமகள் வாசலில் நின்றிருந்தாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் பனியன் செக்கிங் வேலையை விட்டு நின்றதிலிருந்து, புருசன் வண்டிச் சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்ததில்லை. கையில் போன் இருந்தது.

“நான் எடுத்த ஆட்டை எத்தனை பேரு பாத்துருக்கறாங்க தெரியுங்களா? இன்னைக்கும் யாரும் சீந்தலீன்னா அழிச்சுப் போடறேன்னு காத்தால சொன்னேனுங்களே. போட்டோ கம்பெனிக்காரனே என்னமோ டேக்கெல்லாம் போட்டு உட்டுருக்கறான்.”

“அப்படியா?”

“அப்படியாவா? அக்கவுண்டை உங்க போன்ல தொறந்து குடுத்ததோட செரி. ஊரே பாக்குது, நீங்க ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தீங்களா?”

ஆறுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் போனை வாங்கினார்.

“யாரு ஊட்டு ஆடு இது?”

கலைமகள் சொல்லத் தொடங்கினாள். அவருடைய சட்டைப் பைக்குள் ‘டிங்’ என்றது. ஆறுச்சாமி பைக்குள் கையை விட்டு, அதன் சத்தத்தை நிறுத்தினார்.