ஓட்டில் பதிந்த பூட்ஸ்

தொல்லியல்காரர்கள் என்றாலே எதையாவது சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் என்பது வால்டர் காரட்டின் எண்ணம். ஆனாலும் இங்கிலாந்தின் சஃபோக்கில் தன் பார்லி வயலைத் தோண்ட அவர்களை விட்டார். காரணம், செத்துப்போன அப்பா.

"நம்ம வயல்ல யாரோ சுடாத களிமண் ஓடுகளைக் காயப் போட்டிருந்தாங்க. தெரியாம மிதிச்சிட்டேன். புரியாத பாஷையில திட்டுனாங்க" என்று அப்பா ஒருநாள் வந்து சொன்னார். சாகும்வரை ஊர் மதுக்கடை அவரைப் புளுகர் என்று சிரித்தது.

நேற்று குழிக்குள்ளிருந்து இமோஜன் என்ற பெண் கத்தினாள். "ஐயா, ரோமானியர் காலத்து ஓடு! சூளையில வைக்கிறதுக்கு முன்னாடியே எவனோ மிதிச்சிருக்கான்!"

வால்டர் குனிந்து பார்த்தார். பூட்ஸ் குதிகாலில் அடிக்கிற இரும்பு லாடத்தின் தடம், ஒரு முனை உடைந்திருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவின் பூட்ஸை எடுத்துவந்து அதில் வைத்தார். உடைந்த முனை உட்பட அப்படியே பொருந்தியது.

"தற்செயலா இருக்கும்ங்க" என்றாள் இமோஜன்.

"இருந்துட்டுப் போகட்டும்மா."

ஓடு கல்லாக இறுகியிருந்தது. ஆனால் பூட்ஸைத் தூக்கியபோது அதன் அடியில் ஈரமான செங்களிமண் ஒட்டியிருந்தது. வால்டர் துடைக்கவில்லை. நேரே மதுக்கடைக்குப் போய், அப்பாவைக் கேலி செய்தே கிழடான கிளெமின் பியருக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"இப்பச் சிரிடா."

கிளெம் தொட்டுப் பார்த்தான். விரல் சிவந்தது. கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.