சேவல் கூவினால் போதும்

“எட்டு நாளாச்சு. தாடிகிட்டேருந்து ஒரு மெயில்கூட இல்ல. பீடை ஒழிஞ்சது!” என்று வாய்விட்டுச் சிரித்தார் அண்ணன்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, செருப்பை மாட்டியபடியே நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனுஷன் சிரித்து மாதக்கணக்காகிறது.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் தான் கண்விழித்து, மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதியவர் அவர். அதற்குச் சேவல் என்று பேர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஐந்து பேர் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் அதைக் கட்டிக்காக்கிறார்கள். வருகிற யோசனைக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லியே குழுவில் அவர் ‘வேண்டாம் அண்ணன்’ ஆகிவிட்டார்.

வளவளப் பேச்சும் அவருக்கு ஆகாது. அதனால் அவரே ஒரு விதி போட்டிருந்தார். யோசனையைக் குழுவுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளுக்குள் ஐவரில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் அது குப்பைக்குப் போகும், இல்லாவிட்டால் சேர்த்துவிடலாம். அண்ணனும் தாடியும் போக மற்ற மூவரும் வாயே திறப்பதில்லை. அதுதான் அண்ணன் இருக்கிறாரே!

ஐவரில் தாடிதான் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டவன். சேவல் மணி பார்க்கட்டும், பாஸ்வேர்டு காக்கட்டும், மழை வருமா என்றும் சொல்லட்டும் என்று ஓயாத நச்சரிப்பு. போதாக்குறைக்கு, எதிரே உட்காருகிறவரின் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்ட பிறகுதான் அது கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டுமாம். விவரமாக அடுத்த மெயிலில் எழுதுகிறேன் என்று வேறு முடித்திருந்தான். இப்போது அதை நினைத்ததும் அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

“எழுப்புற சேவல் எழுப்பிட்டுப் போகணும். பல்லு தேச்சுவிட்டு, குளிப்பாட்டி, தலையும் சீவி விடணுமா? தூ!”

“அவன் பேரைப் பாத்தாலே உங்களுக்கு பிரஷர் ஏறுமே. எப்படித்தான் அடங்கினான்?”

“சாக்கடைக்கு மூடி போட்டுட்டேன். நாத்தம் போச்சு.”

அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்த அரதப்பழசான கம்ப்யூட்டரில் ஓடுவதும் சேவல்தான். வேறெதையும் அது தாங்காது.

“புது சேவல் வந்திருக்கு. உன் லேப் மெஷின்ல இங்கேருந்தே ஏத்திட்டேன். போய்ப் போட்டுப் பாரு, பறக்கும்.”

“என்ன மாத்தியிருக்காங்கன்னு பாத்தீங்களா?”

“பாக்க என்ன இருக்கு? தாடியே அடங்கிட்டான்.”

ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. “என்னங்க, இந்தச் சனியன் எந்திரிக்கவே மாட்டேங்குது! முகத்தைக் காட்டுங்குது. இதுல கேமராவே இல்ல, நான் எதைக் காட்டுறது? முப்பது பேரு வெறும் வயித்தோட வரிசையில நிக்கிறாங்க, ஒரு அம்மா மயங்கியே விழுந்துட்டாங்க. எம் புருஷன் செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேனே!”

பழைய சேவலையே திரும்ப ஏற்ற அண்ணனுக்குக் கை பரபரத்தது, ஆனால் எழுந்திருக்காத கம்ப்யூட்டரில் இங்கிருந்து எதை ஏற்றுவது? தாடியின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போட்டார்.

“டேய், எவனைக் கேட்டுடா சேத்தே? நாய் வாய் வச்ச பானையாக்கிட்டியேடா!”

“உங்க விதிப்படிதானேண்ணே சேத்தேன்?” தாடியின் குரலில் திமிர் இல்லை, குழப்பம்தான் இருந்தது. “தினம் மெயில் போட்டேனே.”

அண்ணனின் கை தானாக மெயில் பெட்டியின் குப்பைத் தொட்டியைத் திறந்தது. தாடி பெயரில் எது வந்தாலும் கண்ணில் படாமல் நேராக அங்கே போய் விழும்படி எட்டு நாளைக்கு முன் அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். பிரிக்காத மெயில்கள் பத்தொன்பது கிடந்தன.

“நீங்க சும்மா இருக்கவும் எனக்கே பயமாயிடுச்சுண்ணே. அதான் ஏழாவது நாளும் எழுதினேனே, ஒரே ஒரு ‘வேண்டாம்’ போடுங்க, விட்டுடறேன்னு!”