பன்னிரண்டடிக் கல்

"ஏன், எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தா கல்லு தானா பொளந்துக்குமா?" ஓவர்சியர் சென்னகிருஷ்ணன் எரிந்து விழுந்தார்.

பர்கூர்க் கல்குவாரிக்கு அவர் மாற்றலாகி வந்த முதல் நாள் அது. பாலத்துக்குப் பன்னிரண்டடி நீளத்தில் ஒரே கல் வேண்டும். இதுவரை வெட்டிய இரண்டும் ஆப்பு இறங்கும்போதே குறுக்கே விண்டு போயின. மிஞ்சியது ஒரு பாறைதான். அதுவும் போனால் இந்த ஆட்களை நிறுத்திவிட்டுக் கோலார்ப் பக்கமிருந்து வேறு ஆட்களை இறக்கும்படி மேலிடத்து உத்தரவு.

காலையில் வந்ததும், "யாருய்யா இங்க பொறுப்பு?" என்று அவர் அதட்டியபோது எல்லோரும் மாதப்பனைத்தான் பார்த்தார்கள்.

"நான் பாத்துக்கறனுங்க" என்று முன்னால் வந்தான் மாதப்பன். வந்தவன் சம்மட்டியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டான்.

"முனிவேலு, போன கல்லு விண்டுச்சே, அதுக்கு முன்னால ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

உளி பிடித்திருந்த முனிவேல் யோசித்தான். இப்படி யாரும் அவனைக் கேட்டதில்லை. "ஒரு எடத்துல மட்டும் ஓட்டைப் பானையைத் தட்டுனாப்பல சத்தம் வந்துச்சு."

"நஞ்சம்மா, நீ என்ன பாத்த?"

தண்ணீர்க் குடத்தோடு நின்றவள் தயங்கினாள். "சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லு தாயி."

"தண்ணி ஊத்துனா கல்லு பூரா காஞ்சிருது. ஒரு கோட்டுல மட்டும் ஈரம் நிக்கும். போன ரெண்டு கல்லுலயும் நின்னுச்சு. இதுலயும் நிக்குது, இங்க பாருங்க."

ஒரு ஓரமாக, மயிரிழை போல ஈரக்கோடு. முனிவேல் சுத்தியால் தட்டினான். ஓட்டைப் பானைச் சத்தம்.

"இந்தக் கோட்டைத் தள்ளிவிட்டு அளந்தா பன்னெண்டடி தேறுமா?" என்றான் மாதப்பன்.

முனிவேல் முழம் போட்டுப் பார்த்தான். "அரையடி மிச்சமே இருக்கும்."

"அப்ப நீயே குறி போடு."

உச்சிவெயிலில் கடைசி ஆப்பு இறங்கியது. பாறை நூல் பிடித்தாற்போல நேராகப் பிளந்தது. ஆட்கள் தலையில் கட்டியிருந்த துண்டுகளை அவிழ்த்து ஆகாயத்தில் வீசினார்கள். நஞ்சம்மா குடத்துத் தண்ணீரை எல்லோர் மேலும் வாரி இறைத்தாள்.

சென்னகிருஷ்ணன் கல்லின் முழு நீளமும் தடவிப் பார்த்துவிட்டு மாதப்பன் தோளில் கை வைத்தார். "இருபது வருஷ உத்தியோகத்துல உன்னை மாதிரி ஒரு மேஸ்திரியை நான் பார்த்ததில்லைய்யா."

மாதப்பன் கூச்சத்தோடு நெளிந்தான்.

"மேஸ்திரி காய்ச்சல்ல படுத்து மூணு நாளாச்சுங்க. நான் இவங்களுக்குக் களி கிண்டறவன். கல்லைப் பத்தி ஒண்ணுந் தெரியாது, அதான் எல்லாரையும் கேட்டேன்."