பட்டியலில் முதல் பெயர்

"லிஸ்ட்ல மொதப் பேரு யாரு மக்கா?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஞானசிங் கேட்டுவிட்டார். கருங்கல் நட்புச் சேவை கிளப்பின் செயலாளர் ராஜகுமார் லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அது ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சிக்கு உள்ளதாக்கும் அண்ணாச்சி."

"நிகழ்ச்சி எதுவா வேணும்னாலும் இருக்கட்டு. மொதப் பேரு யாரு? பொறவு, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறை. எனக்குக் காத்து ஆகாதுன்னு தெரியாதா?"

ராஜகுமார் எழுந்து ஃபேனைக் குறைத்தான். ஞானசிங்குக்குக் காற்றும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. போன வருடம் கிளப்பில் திற்பரப்பு அருவிக்குப் போனபோது எல்லாரும் குளித்துக் கும்மாளம் போட, சைனஸ் என்று சொல்லி வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர் அவர்.

இப்போது அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கிளப்பைத் தொடங்கிய ஏழு பேரில் அவரும் ஒருவர். டைல்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒரு கூட்டம் தவறாமல் உட்காருகிறவர். அப்படிப்பட்டவரின் பெயர் கிளப்பின் போன மாத இதழில் 'மற்றும் பலர்' என்பதற்குள் போய்விட்டது. படத்தில் இடது தோள் மட்டும் வந்திருந்தது. "தோளு நல்லா விழுந்திருக்கு" என்று மனைவி சத்தியபாய் சொன்ன பிறகு இரண்டு நாள் சோறே இறங்கவில்லை. இந்த முறையும் முதல் பெயர் தன்னுடையதாக இல்லையென்றால் கிளப்பை விட்டே விலகிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மொதப் பேரு அஜிதா டீச்சர்," என்றான் ராஜகுமார், தரையைப் பார்த்து.

"போன ஓணத்துக்குச் சேர்ந்தவளா? செரி. ரெண்டாவது?"

"லீலாபாய். மூணாவது ஹரிதா."

"நான் எத்தனையாவது?"

"உங்க பேரு இல்ல அண்ணாச்சி."

"இல்லியா? அவங்க எல்லாரும் குடுப்பாங்க, நான் குடுக்க மாட்டேனா?"

"அப்படி இல்ல. அஜிதா டீச்சர் குடுக்கியதுல பாதிகூட உங்ககிட்ட தேறாது. என்ன காரியம்னா..."

"தேறாதா? லேய், கருங்கல் சந்தையில நின்னு இந்த வார்த்தையைச் சொல்லிப் பாரு, சிரிப்பானுவ. டீச்சர் என்ன குடுத்தாலும் அதுக்கு மேல நான் தருவேன். எழுது."

"ஒருக்கா நான் சொல்லியதைக் கேளுங்க அண்ணாச்சி. இது பைசா காரியம் இல்ல..."

"பைசாவோ பொருளோ, எங்கிட்ட என்ன இருக்கோ அது தருவேன். எழுதுலே."

இனி இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை என்று ராஜகுமார் எழுதினான். முதல் பெயர் ஞானசிங்.

"மேடையில நடு நாற்காலி எனக்கு. பொன்னாடையும் மொதல்ல எனக்குத்தான் போர்த்தணும். பொறவு அந்த போட்டோக்காரன்கிட்ட சொல்லு, தோளு வேண்டாம். தலை முழுசா விழணும்."

"தலை விழும் அண்ணாச்சி. அதுல சந்தேகமே வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நிகழ்ச்சிக்கு ஞானசிங் மூன்று மணிக்கே வந்துவிட்டார். சத்தியபாயை முதல் வரிசையில் உட்காரவைத்தார். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டும் பெரிதாக்கி செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

மாவட்டத் தலைவர் வந்தார். விளக்கேற்றினார்கள். ஞானசிங் நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார, பின்னாலிருந்து யாரோ துணி போர்த்தினார்கள். மனம் குளிர்ந்து கழுத்தை வளைத்துக் கொடுத்தார். பொன்னாடை வழவழவென்று இருந்தது. சரிகை இல்லை. பிடரியில் முடிச்சுப் போடுகிறார்களே என்று திரும்பினால், சந்தைப் பக்கம் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஷைஜா கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

மைக்கில் ராஜகுமார் சொன்னான்: "புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு விக் செய்வதற்காக நம் உறுப்பினர்கள் வழங்கும் முடி தானம். முதலாவதாக, நமது ஞானசிங் அண்ணாச்சி."

கூட்டம் கை தட்டியது. பக்கத்து நாற்காலியில் அஜிதா டீச்சர் இடுப்புவரை கூந்தலை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில் சத்தியபாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஷைஜா அவர் தலையைத் தொடக்கூட இல்லை. கண்ணாலேயே அளந்தாள்.

"பன்னிரண்டு இஞ்ச் வேணும் அண்ணாச்சி. உங்களுது ரெண்டு இஞ்சுகூட தேறாது. நீங்க எறங்கிக்கிடுங்க."

தப்பித்தோம் என்று பாதி எழுந்துவிட்டார். போட்டோக்காரர் கேமராவை அவரிடமிருந்து திருப்பி, நடு நாற்காலிக்கு வரச்சொல்லி அஜிதா டீச்சருக்குக் கை காட்டினார். ஞானசிங்கின் கண்முன்னால் 'மற்றும் பலர்' வந்து நின்றது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"இரு பிள்ளே. தாறேன்னு சொன்னா நான் தருவேன்."

இரண்டு கைகளையும் தலைக்குக் கொண்டுபோனார். பதினாறு வருடமாகச் சத்தியபாயைத் தவிர ஒருவருக்கும் தெரியாத நாலு கிளிப்புகளைக் கழற்றி, முடி முழுவதையும் அப்படியே தூக்கி ஷைஜாவின் கையில் வைத்தார்.

அடுத்த மாத இதழில், பளபளவென்று முழுசாக விழுந்த தலைக்குக் கீழே செய்தி வந்திருந்தது: 'விக் செய்ய முடி வழங்கியவர்கள்: திரு. ஞானசிங் (விக்காகவே), மற்றும் பலர்.'