அவுட்பாக்ஸில் முதல் மெயில்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஆபீசிலிருந்து மூன்று நாளாக ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வந்த செங்கொடியிடம் மேனேஜர் அலெக்ஸாண்டர் எரிந்து விழுந்தார்.

"இன்னாம்மா, மாசத்துக்கு மூணு தபா வர்ற. இது இன்னும் பேஜார் பண்ணிகினுதான் கீது!"

"பத்து வருசத்துப் பொட்டி சார். பாக்குறேன்."

பார்த்தாள். "அவுட்பாக்ஸ்ல நாப்பது மெயிலு நிக்குது சார். மொத மெயில்ல பன்னெண்டு போட்டோ வச்சிகிறீங்க. கேட்டுல லாரி மாட்டிக்கினா பின்னாடி வர்ற வண்டி எப்டிப் போவும்? அத்த அழிச்சிட்டா போதும்."

"ஒண்ணையும் அழிக்காத! எல்லாம் ஹெட் ஆபீசுக்குப் போவ வேண்டிய முக்கியமான மெயிலு."

"சரி சார், போட்டோவ சின்னதாக்குறேன்."

மெயிலைத் திறந்தவள் அதை ஒருமுறை படித்தாள். பிறகு பன்னிரண்டு போட்டோவையும் ஒவ்வொன்றாகச் சின்னதாக்கிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இப்போ போவும் சார். நீங்களே அனுப்பிடுங்க."

அலெக்ஸாண்டர் குனிந்து பார்த்தார். ஹெட் ஆபீசுக்கு அவர் எழுதியதுதான்; போட்டோ எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரின் கோளாறுகள்.

'செங்கொடிக்கு வேலை தெரியவில்லை. உடனே வேறு ஆளை அனுப்பவும்.'

மௌஸின் மேல் வைத்த கை நகரவில்லை. தலை நிமிரவில்லை.

"அனுப்புங்க சார்" என்றாள் செங்கொடி. "பின்னாடி முப்பத்தொம்பது நிக்குது."