பல் டாக்டரின் துப்பாக்கி

மொட்டை மாடியில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. பல் டாக்டர் தன் கௌபாய் துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடி நிற்கிறார். அசல் இல்லை, காற்றழுத்தத்தில் சுடும் நகல்தான். ஆனாலும் வெள்ளைப் பிடியும், சுழலும் உருளையும், கையைக் கீழே இழுக்கும் கனமும் அசலைப் போலவே இருக்கின்றன. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஆசைப்பட்டு வாங்கியபோது, "இனிமே பல்லைப் பிடுங்க இதுவா?" என்று மனைவி கேலி செய்தாள். அன்றிலிருந்து கைப்பிடிச் சுவர்மேல் வைக்கும் பால்பவுடர் டப்பா அவர் குறிக்குத் தப்பியதே இல்லை. இன்று தப்பிக்கொண்டே இருக்கிறது. துணி எடுக்க வந்த மனைவி கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். குழலின் நுனியில் விழும் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கிறது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சுடுகிறார். டப்பா அசையவில்லை.

"காத்து" என்கிறார், திரும்பாமலே. கொடியில் அவருடைய வெள்ளைக் கோட்டு துளிகூட ஆடாமல் தொங்குகிறது. "ஆமாங்க, இன்னைக்குக் காத்து ஜாஸ்திதான்" என்கிறாள் அவள். அவர் துப்பாக்கியைத் தாழ்த்தி, உருளையை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கிறது. "நாளைக்கு வர்ற பேஷண்டோட கடைவாய்ப் பல்லை நம்ம பொண்ணையே எடுக்கச் சொல்லிடலாமா? அவளும் பல் டாக்டர்தானே" என்று மெதுவாகக் கேட்கிறார். "சொல்லுங்க." "என்ன காரணம்னு கேப்பாளே?" அவள் பக்கத்தில் வந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கேக்க மாட்டா. உங்க கையைப் பத்தி அவதான் முதல்ல எங்கிட்ட சொன்னா."